ஊருக்கு உழைக்க வந்தவர்கள் – 9: கூரையும் புல்டோசரும்

சென்ற வாரம் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் மரம் நடும் படை 1942இல் கலைக்கப்பட்டதோடு நிறுத்தியிருந்தோம். ஒன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 30 லட்சம் இளைஞர்கள் அந்த முகாம்களில் தங்கிப் போனார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 நேராக வீட்டுக்குப் போய்விடும். மரம் நட்டார்கள், காட்டுக்குள் பாதை போட்டார்கள், மண் அரிப்பைத் தடுத்தார்கள். மரம் நடாதே என்று குறுக்கே வந்து நிற்க எந்த ஊரிலும் அவ்வளவு எளிதில் ஆள் கிடைக்காது. அந்தப் படைக்கு இன்றுவரை நல்ல பெயர் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த வாரக் கதை வேறு மாதிரி. இதில் ஊருக்கு உதவப் போனவர்களின் வீட்டை இரவில் சோதனை போட்டு, அலமாரியிலிருந்த புத்தகங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய், தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். வழக்குப் போட்டவரும் அதே ஊர்க்காரர்தான்.

முதலில் வாஷிங்டன். அதிபர் கென்னடி 1961 மார்ச் 1 அன்று பீஸ் கோரைத் தொடங்கினார். அமெரிக்க இளைஞர்கள் கானாவுக்கும் கொலம்பியாவுக்கும் இந்தியாவுக்கும் போய்ப் பாடம் நடத்தினார்கள், கோழி வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். உள்நாட்டிலேயே இவ்வளவு ஏழ்மை கிடக்கும்போது வெளிநாட்டுக்கு ஏன் போக வேண்டும் என்ற கேள்வி எழத்தானே செய்யும்? 1963இல் தம்பி ராபர்ட் கென்னடியின் தலைமையிலான குழு உள்நாட்டுத் தொண்டுப் படைக்கு ஒரு திட்டம் தயாரித்தது. செனட்டில் மயிரிழையில் தப்பிய மசோதா கீழவையில் முடங்கியது. வெளியூர் இளைஞர்கள் தொண்டு என்ற பெயரில் வந்து, கறுப்பர்களையும் வெள்ளையரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார்கள் என்ற பயம் தென்மாநில உறுப்பினர்களுக்கு. கென்னடி நவம்பரில் கொல்லப்பட்டார். மசோதாவும் அதோடு போயிற்று.

அந்தத் திட்டத்தை எடுத்து வேறொரு பெரிய சட்டத்துக்குள் செருகியவர் அடுத்து அதிபரான லிண்டன் ஜான்சன். 1964 ஜனவரி 8 அன்று வறுமைக்கு எதிரான போரை அறிவித்தார். ஆகஸ்ட் 20இல் பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். விஸ்டா என்ற உள்நாட்டுத் தொண்டுப் படை அந்தச் சட்டத்தில் பிறந்த பிள்ளைகளில் ஒன்று. பீஸ் கோரை நடத்திவந்த, கென்னடி வீட்டு மாப்பிள்ளை சார்ஜென்ட் ஷ்ரைவரிடமே இந்தப் போரும் ஒப்படைக்கப்பட்டது. டிசம்பர் 12 அன்று முதல் விஸ்டா தொண்டர்கள் வெள்ளை மாளிகைக்கு வந்தார்கள். மொத்தம் 20 பேர். சம்பளம் குறைவு, வேலை கடினம் என்று ஜான்சன் அவர்களிடம் ஒளிக்காமலே சொன்னார்.

அன்றைய விதிகள் எளிமையானவை. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மேல் வரம்பு கிடையாது, ஓய்வுபெற்றவர்களும் சேரலாம். சில வாரப் பயிற்சி, பிறகு ஓராண்டுச் சேவை. எந்த மக்களிடையே வேலையோ அவர்களைப் போலவே, அவர்கள் நடுவிலேயே குடியிருக்க வேண்டும். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஒரு சிறு படி. அதுபோக மாதம் 50 டாலர் கணக்கில் சேரும். ஆண்டு முடிந்த பிறகுதான் கைக்கு வரும்.

இவற்றைவிட முக்கியமான இரண்டு விதிகள் உண்டு. விஸ்டா தானாக எந்த ஊருக்கும் போகாது. உள்ளூரில் ஓர் அமைப்பு, எங்களுக்கு இன்ன தேவை இருக்கிறது, ஆள் அனுப்புங்கள் என்று கேட்க வேண்டும். அடுத்து, மாநில ஆளுநரின் ஒப்புதல் வேண்டும். அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சர் மாதிரி. டெல்லி எதையும் திணிக்கிறது என்று மாநிலங்கள் புகார் சொல்வது நமக்குப் பழக்கம்தானே. அமெரிக்காவிலும் அந்தப் புகார் வரக்கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு. உள்ளூர்த் தேவையை உள்ளூரே சொல்லட்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளூரில் யார் சொல்வது? சட்டத்தை எழுதியவர்கள் அந்த இடத்தில் அதிகம் மெனக்கெடவில்லை.

கென்டக்கி மாநிலத்தின் கிழக்குப் பகுதி முழுக்க அப்பலாச்சிய மலைகள். மலைக்கும் மலைக்கும் நடுவே குறுகலான ஓடைப் பள்ளங்கள்; ஓடையை ஒட்டி ஒரு மண்பாதை, பாதையை ஒட்டிப் பத்திருபது வீடுகள். ஒவ்வொரு பள்ளமும் ஓர் ஊர், பெரும்பாலும் ஒரே உறவுக்கூட்டம். மாநிலத்தில் மொத்தம் 120 கவுண்டிகள். நம் தாலுகா அளவில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நீதிமன்றக் கட்டடம். அதைச் சுற்றியே அதிகாரம் முழுவதும். மலைக்கடியில் நிலக்கரி. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் சுரங்கங்களுக்குள் இயந்திரங்கள் இறங்கின, ஆட்கள் வெளியேறினார்கள். 1950களில் பஸ் பஸ்ஸாகக் குடும்பங்கள் டெட்ராய்ட்டுக்கும் சின்சினாட்டிக்கும் சிகாகோவுக்கும் போயின. போகாதவர்கள் அரசு கொடுத்த உபரி உணவுப் பொருட்களில் பிழைத்தார்கள்.

வைட்ஸ்பர்க் என்ற சிற்றூரின் வழக்கறிஞர் ஹாரி காடில் 1963இல் இந்த மலைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது நாட்டையே உலுக்கியது. 1964 ஏப்ரலில் ஜான்சனே ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, மார்ட்டின் கவுண்டியில் ஒரு வேலையிழந்த குடும்பஸ்தரின் திண்ணையில் உட்கார்ந்து பேசினார். புகைப்படம் நாடெங்கும் வெளியானது. அதற்குப் பிறகு கேமராக்காரர்கள் அந்த மலைகளை விடவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விஸ்டா வருவதற்கு முன்பே, 1964இன் தொடக்கக் குளிர்காலத்தில், உள்ளூரில் ஒரு சிறு முயற்சி தொடங்கியிருந்தது. பெரியா என்ற ஊரில் ஒரு கல்லூரி உண்டு. அடிமைமுறையை எதிர்த்தவர்கள் 1855இல் நிறுவியது. மாணவர்களிடம் படிப்புக்கட்டணம் வாங்குவதில்லை, பதிலுக்கு எல்லோரும் கல்லூரி வேலை ஏதாவது செய்ய வேண்டும். அந்த மாணவர்களில் பலர் இதே மலைகளின் பிள்ளைகள். தென்மலைக் கழகம் என்ற பழைய சீர்திருத்த அமைப்பு அவர்களைத் திரட்டி, வாரக்கடைசிகளில் மலைக்குள் இருந்த ஓரறைப் பள்ளிக்கூடங்களுக்கு அழைத்துப் போனது. ஒரே அறை, எட்டு வகுப்பு, ஒரே ஆசிரியர், நடுவில் ஒரு நிலக்கரி அடுப்பு. உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டார்கள். சுவர் இடுக்குகளை அடைத்து உள்பலகை அடித்தார்கள். கூரையைச் சரிசெய்தார்கள், வர்ணம் பூசினார்கள். ஊர்க்காரர்களும் சுத்தியலோடு வந்து நின்றார்கள். கவுண்டிப் பள்ளி நிர்வாகம் சாமான் கொடுத்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

கல்லூரி நாட்களில் என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போன வாசகர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்ததாக இருக்கும். நம் திட்டம் 1969இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. அதற்குத் தனி அத்தியாயம் வருகிறது. பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பது உலகம் முழுக்கத் தொண்டர்களின் முதல் வேலை. யாருக்கும் பகையில்லாத வேலை.

இந்த இளைஞர் குழுவுக்கு அப்பலாச்சியத் தொண்டர்கள் என்று பெயர் வந்தது. ஊர்வழக்கில் ஏவி. வறுமைப் போர் தொடங்கியதும் வாஷிங்டன் பணம் ஏவிக்குக் கொட்டியது. விஸ்டா தொண்டர்களையும் ஏவியின் பொறுப்பில் விட்டார்கள். ஆள் கேட்கும் உள்ளூர் அமைப்பு ஒன்று வேண்டுமல்லவா, அது ஏவி. 1965, 1966 கோடைகளில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் வந்தார்கள். பெரியாவிலிருந்து இல்லை, நியூயார்க், கலிஃபோர்னியா, மிச்சிகன் என்று எங்கெங்கிருந்தோ. சிலர் தெற்கே கறுப்பர் உரிமைப் போராட்டத்தில் அடிவாங்கிவிட்டு வந்தவர்கள். மலைப் பிள்ளைகள் மலைக்கு உதவிய காலம் இரண்டே குளிர்காலத்தில் முடிந்தது.

ஏதோ ஒரு வாஷிங்டன் அலுவலகத்தில் எடுத்த முடிவால் கதை திசைதிரும்பியது என்று எழுதினால் எளிது. நடந்தது அப்படியில்லை, பள்ளிக்கூடத்திலிருந்தே திரும்பியது. ஒரு குளிர்காலம் சரிசெய்த கூரை அடுத்த குளிர்காலம் மறுபடி ஒழுகும். வர்ணம் உரியும். அப்போது ஒரு கேள்வி வரும்: கவுண்டிக்குக் கல்விப் பணம் வருகிறதே, அது எங்கே போகிறது? அந்தக் கவுண்டிகள் பலவற்றில் சுரங்கத்துக்கு அடுத்து அதிகம் பேருக்கு வேலை தருவது பள்ளி நிர்வாகம்தான். ஆசிரியர், பஸ் ஓட்டுநர், சமையற்காரர், காவலாளி எல்லாமே பள்ளிக் கண்காணிப்பாளரின் கையில். வேலை வேண்டுமென்றால் குடும்பத்தின் ஓட்டு மொத்தமாக வந்தாக வேண்டும். ஓட்டு மாறினால் அடுத்த ஆண்டு பஸ் ஓட்ட வேறு ஆள். பிரெதிட் என்ற கவுண்டியில் டர்னர் குடும்பம் பள்ளியையும் அரசியலையும் சேர்த்துப் பல பத்தாண்டுகள் கைக்குள் வைத்திருந்தது.

தொண்டர்கள் பெற்றோர்களோடு சாயங்காலம் உட்கார்ந்து பேசினார்கள். ஏழைக் குழந்தைகளுக்கு மதிய உணவு இலவசமாகத் தர மத்திய அரசுப் பணம் வருகிறது என்பதை அப்போதுதான் பலர் கேள்விப்பட்டார்கள். பெற்றோர் கூட்டமாகப் பள்ளி நிர்வாகக் கூட்டத்துக்குப் போய்க் கணக்குக் கேட்டார்கள். நேற்றுவரை வர்ணம் வாங்கித் தந்த கண்காணிப்பாளர்களுக்கு இன்று ஏவி என்றால் வேப்பங்காய். தென்மலைக் கழகத்துக்கும் இது பிடிக்கவில்லை. எல்லோரையும் அரவணைத்துப் போவது அவர்கள் வழி. 1966 மே மாதம் ஏவி தனியாகப் பிரிந்தது.

அடுத்து வந்தது நிலம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கம்பெனி முகவர்கள் குதிரையில் இந்தப் பள்ளங்களுக்குள் வந்தார்கள். அவர்களில் பெயர்பெற்றவர் ஜான் மேயோ என்ற முன்னாள் பள்ளி வாத்தியார். உங்கள் நிலம் உங்களுக்கே, வீடும் சோளமும் மரமும் உங்களுக்கே, அடியில் கிடக்கும் கனிமத்தை மட்டும் எழுதிக்கொடுங்கள் என்றார்கள். ஏக்கருக்கு அரை டாலர், ஒரு டாலர், சில இடங்களில் கொஞ்சம் கூடுதல். ரொக்கத்தையே கண்ணால் பாராத விவசாயிகள் கைநாட்டு வைத்தார்கள். பத்திரத்தில் இன்னொரு வரி இருந்தது: கனிமத்தை எடுக்கத் தேவையானதையும் வசதியானதையும் கம்பெனி செய்துகொள்ளலாம், அதனால் மேலே ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பில்லை. மலையைக் குடைந்து உள்ளே போவதுதான் அன்று தெரிந்த சுரங்கம். கையெழுத்துப் போட்டவர்களும் அதைத்தான் மனதில் வைத்திருந்தார்கள்.

ஐம்பது அறுபது ஆண்டு கழித்துப் புல்டோசர் வந்தது. திறந்தவெளிச் சுரங்கம் நெய்வேலியில் நாம் பார்த்திருப்பது சமதரையில் இருக்கிறது. இங்கே செங்குத்தான மலைச்சரிவு. மேலேயிருக்கும் மண்ணையும் மரத்தையும் பாறையையும் வழித்து அப்படியே கீழே தள்ளிவிட்டுக் கரியை அள்ளுவார்கள். கீழே ஓடை; ஓடைக்கரையில் வீடு, கிணறு, தோட்டம், தாத்தா பாட்டியின் கல்லறை. 1956இல் கென்டக்கியின் உயர்ந்த நீதிமன்றம் பழைய பத்திரங்கள் இந்தப் புது முறைக்கும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நிலத்தின் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. இப்படி எடுத்த கரியை அதிகம் வாங்கியது யார் தெரியுமா? ரூஸ்வெல்ட் காலத்தில் ஏழைகளுக்கு மின்சாரம் தரத் தொடங்கிய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம். மத்திய அரசின் ஒரு கை கரி வாங்கிற்று. இன்னொரு கை அந்தக் கரிமண் விழுந்த வீடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பிற்று.

எதிர்ப்பைத் தொண்டர்கள் கற்றுக்கொடுத்தார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். அது சரியில்லை. 1965 நவம்பரில் நாட் கவுண்டியில் ஆலி கோம்ஸ் என்ற 61 வயது விதவை தன் வீட்டுக்கு மேலே சரிவில் வந்த புல்டோசரின் முன் உட்கார்ந்துவிட்டார். ஷெரீபின் ஆட்கள் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப்போனார்கள். லூயிவில் நாளிதழின் புகைப்படக்காரர் அதைப் படமெடுத்தார்; அவரையும் கைது செய்தார்கள். நன்றி செலுத்தும் நாள் விருந்து, அதாவது அங்கே நம் பொங்கலுக்குச் சமமான குடும்பச் சாப்பாடு, ஆலிக்குச் சிறையில். படம் வெளியானதும் மாநிலமே கொதித்தது. அடுத்த ஆண்டு ஆளுநர் எட்வர்ட் பிரெதிட் சுரங்க ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கடுமையாக்கினார். ஆலியின் பின்னால் எந்தத் தொண்டர் அமைப்பும் இல்லை.

ஆனால் தொண்டர்களிடம் கார் இருந்தது, தட்டச்சு இருந்தது, பத்திரிகைக்காரர்களின் தொலைபேசி எண் இருந்தது. ஒரு பள்ளத்தில் நடப்பது அடுத்த பள்ளத்துக்குத் தெரியாத மலைகளில் இது சாதாரண விஷயமில்லை. 1967 கோடையில் பைக் கவுண்டியின் ஐலண்ட் கிரீக்கில் ஜிங்க் ரே என்ற சிறுவிவசாயியின் நிலத்துக்குப் புல்டோசர் வந்தபோது அவர் குறுக்கே நின்றார். அக்கம்பக்கத்தார் வந்து நின்றார்கள். ஜோ முலாய் என்ற ஏவி ஊழியரும் கூட நின்றார்; லூயிவில்காரர், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். செய்தி மாநிலம் முழுக்கப் பரவியது. சரிவு அளவுக்குமீறிச் செங்குத்து என்று காரணம் காட்டி, ஆகஸ்ட் 1 அன்று ஆளுநர் பிரெதிட் கம்பெனியின் உரிமத்தை ரத்து செய்தார். ஒரு மலைவிவசாயி கரிக்கம்பெனியை ஜெயித்துவிட்டார்.

பத்தே நாள். ஆகஸ்ட் 11 இரவு பைக் கவுண்டி அரசு வழக்கறிஞர் தாமஸ் ராட்லிஃப் ஷெரீபின் ஆட்களோடு ஆலன், மார்கரெட் மெக்ஷர்லி தம்பதியின் வீட்டுக்குள் நுழைந்தார். ஆலன் கொஞ்ச நாள் ஏவியில் இருந்து, ஏவியே நீக்கியதால் வேறொரு உரிமை அமைப்புக்குப் போனவர். வீட்டிலிருந்த புத்தகம், கடிதம், நாட்குறிப்பு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள். ஜோ முலாயும் அன்றே கைதானார். குற்றம்: 1920ஆம் ஆண்டின் கென்டக்கி தேசத்துரோகச் சட்டத்தை மீறியது.

அந்தச் சட்டத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1954இல் லூயிவில்லில் கார்ல் பிரேடன், ஆன் பிரேடன் என்ற வெள்ளைத் தம்பதி, வெள்ளையர் குடியிருப்பில் ஒரு வீட்டை வாங்கிக் கறுப்பர் குடும்பம் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். அந்த வீட்டில் குண்டு வெடித்தது. குண்டு வைத்தவரை விட்டுவிட்டு, கார்ல் பிரேடனைத் தேசத்துரோகச் சட்டத்தில் பிடித்து 15 ஆண்டு தண்டனை கொடுத்தார்கள். 1956இல் அது ரத்தானது. மெக்ஷர்லி தம்பதி சேர்ந்த அமைப்பை நடத்தியது இதே பிரேடன் தம்பதிதான். 1967 செப்டம்பரில் பைக் கவுண்டி நடுவர் குழு அவர்கள்மீதும் குற்றம் சாட்டியது. பைக் கவுண்டி அரசாங்கத்தைப் பலாத்காரமாகக் கவிழ்க்கக் கம்யூனிஸ்ட் சதி நடக்கிறது என்று அந்தக் குழு அறிக்கை தந்தது. அமெரிக்க அரசாங்கத்தை அல்ல, கவுண்டி அரசாங்கத்தை! மாஸ்கோவில் யாராவது அப்போது வரைபடத்தை விரித்து பைக் கவுண்டியைத் தேடியிருப்பார்களா என்று தெரியவில்லை.

ராட்லிஃப் யார்? கரிச்சுரங்க முதலாளிகளின் சங்கத்தில் முன்னணியில் இருந்தவர். அந்த ஆண்டு நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் துணை ஆளுநர் வேட்பாளர். இவ்வளவும் தெரிந்தபிறகு இந்த வழக்கின் நோக்கத்தைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை.

செப்டம்பர் 14 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட மத்திய நீதிமன்றம் 1920ஆம் ஆண்டுச் சட்டம் அரசியலமைப்புக்கு விரோதமானது என்று தூக்கி எறிந்தது. அந்த அமர்வில் இருந்த பெர்ட் கோம்ஸ் கென்டக்கியின் முன்னாள் ஆளுநர். அதே மலைகளில் பிறந்து வளர்ந்தவர். வழக்கு ஒரு மாதத்தில் செத்தது. ராட்லிஃப் தேர்தலிலும் தோற்றார்.

ஆனால் வழக்கு செய்ய வேண்டிய வேலையை அதற்குள் செய்துவிட்டது. கைதுகள் நடந்த கையோடு, உரிமத்தை ரத்து செய்த அதே ஆளுநர் பிரெதிட் ஏவிக்கான மத்திய நிதியை நிறுத்தச் சொல்லி வாஷிங்டனைக் கேட்டுக்கொண்டார். ஷ்ரைவர் அதற்கு இசைந்தார். விதிப்படி அது முறைதான்: ஆளுநரின் ஒப்புதல் இல்லாமல் தொண்டர்கள் இல்லை. பிரெதிட்டைக் கோழை என்று அப்போது திட்டியவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. ஒரு பள்ளத்தில் புல்டோசரை நிறுத்துவது அவரால் முடிந்தது. மலைக்கவுண்டிகளின் நீதிமன்ற அரசியல் முழுவதையும் பகைத்துக்கொண்டு தேர்தல் ஆண்டில் ஒரு கட்சியை நடத்துவது முடியவில்லை.

தொண்டர்கள்மீது தப்பே இல்லையா? இருந்தது. ஓராண்டுக்கு வந்த இருபது வயதுப் பட்டதாரி, தலைமுறை தலைமுறையாக அந்த ஓடையில் வாழ்கிற கிழவரிடம் உங்கள் பிரச்சினை என்னவென்று விளக்கத் தொடங்கினால் எப்படி இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் தூங்குவது, தாடி, கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் தங்குவது, எல்லாம் பேச்சாயிற்று. கோடை முடிந்ததும் அவர்கள் கிளம்பிவிடுவார்கள்; பள்ளி நிர்வாகத்திடம் கணக்குக் கேட்ட அப்பாவின் வேலை போனால் அவர்தான் சமாளிக்க வேண்டும்.

வெளியாட்கள்மீது மலைக்காரர்களுக்கு இருந்த கோபத்தைக் கரிக்கம்பெனி ஊதிப் பெருக்கியது உண்மை. ஆனால் உண்டாக்கியது கம்பெனி இல்லை. கேமராக்களை நினைவில் வைக்கச் சொன்னேன். நீதிமன்றத் தீர்ப்பு வந்த ஆறாம் நாள், 1967 செப்டம்பர் 20 அன்று, லெட்சர் கவுண்டியின் ஜெரமையா என்ற ஊரில் ஹ்யூ ஓ'கானர் என்ற கனடியத் திரைப்பட இயக்குநர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் வாடகை வீட்டைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். வீட்டின் சொந்தக்காரர் ஹோபர்ட் ஐசன் வந்து, என் நிலத்தைவிட்டு வெளியே போ என்று சுட்டார். ஓ'கானர் அங்கேயே இறந்தார். ஊரில் பலர் ஐசன் பக்கம் நின்றார்கள். பத்தாண்டு தண்டனை பெற்றவர் ஓராண்டில் வெளியே வந்தார்.

1967 டிசம்பரில் ஏவிக்குள்ளேயே இன்னொரு பிளவு. ஜோ முலாய் வியட்நாம் போருக்குப் போக மறுத்தார். மலைக் குடும்பங்களில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்புவது பெருமை. போரை எதிர்ப்பவரை வைத்துக்கொண்டு ஊரில் தலைகாட்ட முடியாது என்றார்கள் சக ஊழியர்கள். தேசத்துரோக வழக்கில் அவரோடு நின்ற அமைப்பு போர் விஷயத்தில் அவரை வேலையைவிட்டு நீக்கிற்று. அவருக்கு ஐந்தாண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1970இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இதே 1967இன் கடைசியில் ஆரிகன் மாநில உறுப்பினர் ஈடித் கிரீன் கொண்டுவந்த திருத்தம் நிறைவேறியது. வறுமைப் போர்ப் பணத்தைச் செலவிடும் உள்ளூர்ச் செயற்குழுக்களைத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் அதிகாரிகள் தங்கள் கையில் எடுத்துக்கொள்ளலாம் என்றது அது. 1964 சட்டம் அந்தரத்தில் விட்ட கேள்விக்கு மூன்றாண்டு கழித்துப் பதில் வந்தது. உள்ளூர் என்றால் கவுண்டி நீதிமன்றக் கட்டடம். 1968இல் புதிய ஆளுநர் லூயி நன் காலத்தில் கென்டக்கிக்கென்றே ஒரு தேசவிரோத விசாரணைக்குழு அமைந்து, அக்டோபரில் பைக்வில்லுக்கு வந்து உட்கார்ந்தது. ஏவியின் மலைக்கார ஊழியர் ஈடித் ஈஸ்டர்லிங் முதலானவர்களை அழைத்துக் குடைந்தது. சதி எதுவும் வெளிவரவில்லை. டிசம்பரில் மெக்ஷர்லி வீட்டில் குண்டு வீசினார்கள். தம்பதியும் கைக்குழந்தையும் தப்பி, ஊரைவிட்டுப் போனார்கள். 1970இல் ஏவி கடையை மூடியது.

தோல்விக் கதை என்றுதான் பல வரலாற்றாசிரியர்கள் இதை முடிக்கிறார்கள். அமைப்பின் கணக்கைப் பார்த்தால் தோல்விதான். ஆட்களைப் பின்தொடர்ந்து போனால் வேறு கணக்கு வருகிறது. ஃபிளாய்ட் கவுண்டியில் யூலா ஹால் என்ற பெண் இருந்தார். பிறந்தது பைக் கவுண்டியில். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. குடிகாரக் கணவனிடம் அடிபட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர். விஸ்டாவும் ஏவியும் தன் ஓடைக்கு வந்தபோது அவர்களோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார். பள்ளி மதிய உணவுக்குச் சண்டை போட்டார். உதவித்தொகை மறுக்கப்பட்டவர்களைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போனார். வந்தவர்கள் போனபின் இவர் போகவில்லை, போக வேறு இடமும் இல்லை. 1973இல் கொஞ்சம் நன்கொடைப் பணத்தை வைத்து வாடகை வீட்டில் மட் கிரீக் மருத்துவமனையைத் திறந்தார். கூட்டம் பெருகியதும் தன் வீட்டையே மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டு, குடும்பத்தோடு டிரெய்லர் வண்டிக்குக் குடிபோனார். 1982இல் அந்த மருத்துவமனை எரிந்து சாம்பலானது. நோயாளிகளை அதன்பின் வெட்டவெளியில், மரத்தடியில் பார்த்தார்கள். தொலைபேசியை மரத்தில் மாட்டினார்கள். ஊரெல்லாம் வசூல் செய்து புதுக் கட்டடம் எழுப்பினார். 2021இல், 93 வயதில் இறந்தார்.

மேற்கு வர்ஜீனியாவிலும் இதே மாதிரி சில இழைகள். கரித்தூசியால் நுரையீரல் கெட்ட சுரங்கத் தொழிலாளர்கள் நஷ்டஈடு கேட்டு அமைத்த சங்கத்தின் ஆரம்ப வேலையில் விஸ்டா ஆட்கள் சிலர் கைகொடுத்தார்கள். 1969 பிப்ரவரியில் அங்கே ஏறத்தாழ 40,000 தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைமையைக் கேட்காமலே வேலையை நிறுத்தினார்கள். மார்ச்சில் மாநிலச் சட்டம், ஆண்டு முடிவில் மத்தியச் சட்டம். எமன்ஸ் என்ற சுரங்க ஊருக்கு விஸ்டா தொண்டராக வந்த ஜே ராக்ஃபெல்லர், ஆம், அந்த எண்ணெய்க் கோடீஸ்வரக் குடும்பத்துப் பேரன், பிறகு அந்த மாநிலத்தைவிட்டுப் போகவேயில்லை. ஆளுநரானார், 30 ஆண்டு செனட்டராக இருந்தார். ஓராண்டுத் தொண்டு செய்ய வந்த எல்லோருக்கும் ராக்ஃபெல்லர் சொத்து இருந்திருந்தால் இன்னும் சிலர் தங்கியிருப்பார்களோ என்னவோ.

அந்தப் பழைய பத்திரம்? 1988 நவம்பரில் கென்டக்கி மக்கள் ஓட்டுப்போட்டு அரசியலமைப்பைத் திருத்தினார்கள். பத்திரம் எழுதிய காலத்தில் அந்த வட்டாரத்தில் வழக்கிலிருந்த சுரங்க முறைக்கு மட்டுமே அது செல்லும். மலையைச் சீவ வேண்டுமானால் நிலத்துக்காரரின் சம்மதம் வேண்டும். 100 பேரில் 82 பேர் ஆதரித்தார்கள். ஆலி கோம்ஸ் சரிவில் உட்கார்ந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வாஷிங்டனும் ஒரு பாடம் படித்தது, வேறு மாதிரி. 1971 ஜூலையில் அதிபர் நிக்சன் விஸ்டாவையும் பீஸ் கோரையும் ஆக்‌ஷன் என்ற ஒரே துறைக்குள் அடைத்தார். பெரியவர்கள் ஆதரவு தேவைப்படும் குழந்தைகளுக்குத் தாத்தா பாட்டியாக இருக்கும் திட்டமும், ஓய்வுபெற்றோர் தொண்டுத் திட்டமும் அதே கூரைக்குள் வந்தன. அவற்றில் புல்டோசர் வரும் வாய்ப்பு குறைவு. அடுத்த வாரம் அந்தத் தாத்தா பாட்டிகள்.